பாலையும் மேளமும்: ஒரு சமக்குறியைப் பற்றி

தமிழிசை வரலாற்றைப் பேசும் புத்தகங்களில் ஓர் அட்டவணை அநேகமாக இருக்கும். இடது பக்கம் ஏழு பாலைகள், வலது பக்கம் ஏழு ராகங்கள், நடுவில் சமக்குறி. செம்பாலை = ஹரிகாம்போதி. படுமலைப்பாலை = நடபைரவி. அரும்பாலை = சங்கராபரணம். கோடிப்பாலை = கரகரப்பிரியா. விளரிப்பாலை = தோடி. மேற்செம்பாலை = கல்யாணி. செவ்வழிப்பாலைக்கு நேராக மட்டும் கொஞ்சம் தயக்கத்தோடு 'இரு மத்திமத் தோடி' என்று எழுதியிருக்கும், ஏனென்றால் அதில் முழுப் பஞ்சமம் வராது.

மார்கழி மாத லெக்-டெம்களில் இந்த அட்டவணை திரையில் வந்தால் எல்லோருக்கும் சந்தோஷம். பழந்தமிழ்ப் பக்கம் நிற்பவர்களுக்கு 'பார்த்தீங்களா, இன்றைய ராகமெல்லாம் அன்றே நம்மிடம் இருந்தது' என்று சொல்ல முடிகிறது. கர்நாடக சங்கீதப் பக்கம் நிற்பவர்களுக்கு 'அதுவும் இதுவும் ஒன்றுதானே, எதற்குத் தனியாகப் பேசணும்' என்று கேட்க முடிகிறது. 1928இல் தொடங்கிய மியூசிக் அகாடமியும் 1943இல் தொடங்கிய தமிழ் இசைச் சங்கமும் தேனாம்பேட்டையில் இருக்கிற எனக்கு ஒரு பஸ் தூரம்தான். இரண்டு அரங்குகளிலும் கேள்வி கேட்காமல் ஏற்கப்படுகிற ஒரே குறி இந்தச் சமக்குறியாகத்தான் இருக்கும். அட்டவணையின் இரண்டு பக்கங்களோடும் எனக்குச் சண்டை இல்லை. நடுவில் இருக்கும் அந்த இரண்டு கோடுகள் எதை அழிக்கின்றன என்பதுதான் என் கேள்வி.

இடது பக்கத்திலிருந்து தொடங்குவோம். சிலப்பதிகார உரைமரபு ஏழு ஸ்வரங்களுக்கும் அலகு சொல்கிறது. குரல் 4, துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, தாரம் 2. கூட்டினால் 22. இதில் கவனிக்க வேண்டியது கூட்டுத்தொகை மட்டும் அல்ல. இந்த ஏழு எண்களில் மூன்று அளவுகள் இருக்கின்றன: பெரிய படி மூன்று, நடுப் படி இரண்டு, சின்னப் படி இரண்டு.

ஒவ்வொரு எண்ணையும் அந்த ஸ்வரத்துக்குக் கீழே உள்ள இடைவெளியாக எடுத்துக்கொண்டால், குரலிலிருந்து மேலே போகும்போது 4, 3, 2, 4, 3, 2, 4 என்று படிகள் வரும். 4ஐயும் 3ஐயும் முழுப் படியாகவும் 2ஐ அரைப் படியாகவும் வாசித்தால் இதுதான் ஹரிகாம்போதி. இன்று பலர் ஏற்கும் கணக்கு இது. அதே எண்களை ஸ்வரத்துக்கு மேலே உள்ள இடைவெளியாக எடுத்தால் 4, 4, 3, 2, 4, 3, 2 என்று வந்து கல்யாணி ஆகிவிடும். ஓர் எண் படியின் எந்த ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதை மாற்றினாலே ராகம் மாறிவிடுகிறது. ஆனால் இரண்டு வாசிப்பிலும் ஒன்று மட்டும் மாறவில்லை. '4ஐயும் 3ஐயும் முழுப் படியாக வாசித்தால்' என்று போகிற போக்கில் சொன்னேன் இல்லையா, அது இரண்டுக்கும் பொது. சமக்குறி போடுவதற்கு நாம் கொடுக்கும் விலை அந்த 3.

ஒரு அலகு வித்தியாசம், இதென்ன பெரிய விஷயம்னு தோணலாம். பெயரிடும் வேலையில் இது பெரிய விஷயம்தான். ஐந்து பெரிய படி, இரண்டு சின்னப் படி என்று இரண்டே அளவுகள் இருந்தால், அவற்றை 21 விதமாக வரிசைப்படுத்தலாம். வட்டமாக வைத்து, எங்கே தொடங்குகிறோம் என்பதைக் கணக்கில் எடுக்காவிட்டால், மூன்றே வட்டங்கள். மூன்று பெரியது, இரண்டு நடு, இரண்டு சின்னது என்று வந்தால் 210 வரிசைகள், 30 வட்டங்கள். இரண்டு அளவு உலகத்தில் சின்னப் படிகள் எங்கே விழுகின்றன என்று சொன்னால் போதும், பெயர் நிறைவாகிவிடும். மூன்று அளவு உலகத்தில் நடுப் படிகள் எங்கே என்றும் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் ஒரே பெயருக்குள் இரண்டு மூன்று பேர் குடியிருப்பார்கள்.

வட்டம் என்று சொன்னது உவமைக்காக இல்லை. ஆய்ச்சியர் குரவையில் மாதரி ஏழு பெண்களுக்குக் குரல் முதல் தாரம் வரை பெயர் வைத்து வட்டமாக நிறுத்துகிறாள். குரல் மாயவன் ஆகிறது, இளி பலராமன், துத்தம் பின்னை. பாலைகள் பிறப்பதும் இப்படி ஒரு வட்டத்திலிருந்துதான். துத்தத்தைக் குரலாக வைத்துப் பாடினால் படுமலை, கைக்கிளையை வைத்தால் செவ்வழி, உழையை வைத்தால் அரும்பாலை, இளியை வைத்தால் கோடி, விளரியை வைத்தால் விளரிப்பாலை, தாரத்தை வைத்தால் மேற்செம்பாலை. பெயர்களின் அழகைப் பாருங்கள். விளரிப்பாலை என்ற பெயர் எங்கே தொடங்கணும் என்பதையே சொல்லிவிடுகிறது. மேற்செம்பாலை என்ற பெயருக்குள்ளேயே செம்பாலை இருக்கிறது. இவை உறவைச் சொல்லும் பெயர்கள். ஒருத்தரை 'பெரியப்பா' என்று கூப்பிட்டால் அவர் யார் என்பதோடு நாம் யார் என்பதும் தெரிந்துவிடுகிறதே, அந்த மாதிரி.

இப்போது அந்த வட்டத்தை 22 அலகோடு சுற்றிப் பார்க்கலாம். ஒவ்வொரு பாலையிலும் தொடங்கும் ஸ்வரத்திலிருந்து ஐந்தாவது ஸ்வரம் எத்தனை அலகு தள்ளி இருக்கிறது? செம்பாலையில் 13. அரும்பாலை, கோடிப்பாலை, விளரிப்பாலை, மேற்செம்பாலை நான்கிலும் 13. செவ்வழியில் 11, அதனால்தான் அட்டவணையில் அதற்கு அந்தத் தயக்கம். படுமலையில்? துத்தத்திலிருந்து விளரிக்கு 3, 2, 4, 3. மொத்தம் 12. ஒரு அலகு குறைகிறது. அதாவது சமக்குறிக்கு வலது பக்கம் நடபைரவி சௌக்கியமாகப் பஞ்சமத்தோடு உட்கார்ந்திருக்க, இடது பக்கம் படுமலையின் பஞ்சமம் கொஞ்சம் இறங்கி இருக்கிறது.

சரி, துத்தத்தின் நரம்பை ஒரு அலகு இறக்கிச் சரிசெய்துவிடலாமே? செய்யலாம். துத்தம் 3, கைக்கிளை 4 என்று ஆகும், படுமலைக்குப் பஞ்சமம் கிடைத்துவிடும். ஆனால் உடனே இளிக்கும் மேல் துத்தத்துக்கும் நடுவில் இருந்த 13, 12 ஆகி, கோடிப்பாலையின் பஞ்சமம் போய்விடும். ஒரு பிழையைத் திருத்தினால் இன்னோர் இடத்தில் புதுப் பிழை முளைப்பது என் தொழிலில் தினமும் பார்க்கிற விஷயம். அப்படி நடந்தால் பிழை அந்த ஒரு வரியில் இல்லை, அமைப்பிலேயே இருக்கிறது என்று அர்த்தம். பரதரின் நாட்டிய சாஸ்திரம் பஞ்சமத்தை ஒரு சுருதி இறக்கி இரண்டாவது கிராமம் ஒன்றை வைத்துக்கொண்டதும் இதே இடத்தில்தான். மூன்று அளவுப் படிகளை வைத்துக்கொண்டு வட்டம் சுற்றினால் எங்கோ ஓர் இடத்தில் அது இடிக்கும்.

இந்த இடியை நேருக்கு நேராகச் சந்தித்தவர் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர். சித்த மருத்துவர். 1916இல் பரோடாவில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டுக்குப் போய்த் தன் கணக்கை முன்வைத்தார். அடுத்த வருடம் ஆயிரம் பக்கங்களைத் தாண்டிய 'கருணாமிர்த சாகரம்' வெளிவந்தது. அவர் முடிவு: ஸ்தாயியில் இருப்பது 24 சம அலகுகள். கைக்கிளைக்கும் விளரிக்கும் உண்மையில் 4 தான், பண்ணுக்காக அவற்றில் ஒவ்வோர் அலகு குறைக்கப்படுவதால் 22 வருகிறது. இப்படி எடுத்தால் 4, 4, 4, 2, 4, 4, 2. படுமலையின் பஞ்சமம் 14, செம்பாலையின் பஞ்சமமும் 14. செவ்வழியைத் தவிர வட்டம் எங்கும் இடிக்காது.

பண்டிதரை மேற்கத்திய சமப் பகுப்பைத் தமிழில் நுழைத்தவர் என்று ஒரே வரியில் ஒதுக்குவது நியாயமில்லை. ஒரு முறையைச் சொன்னால் அது தன் சொந்தக் கணக்கிலேயே முழுதாக ஓட வேண்டும் என்று எதிர்பார்த்தவர் அவர். குறை வேறு இடத்தில் இருக்கிறது. அவர் கையில் நடுப் படி என்ற தனி அளவு காணாமல் போகிறது. மூன்று என்பது 'நான்கில் ஒன்று குறைந்தது' ஆகிவிடுகிறது. உரை 3 என்று சொல்லும் இடத்தில் 4 என்று எழுதிக்கொண்டு அப்புறம் ஒன்றைக் கழிப்பது, முறையைக் காப்பாற்றுவதற்காகத் தரவை வளைப்பது. சமக்குறி அட்டவணைக்கு உண்மையான சட்ட அனுமதி கிடைத்தது இங்கேதான். இரண்டே அளவு என்று ஆனபின் செம்பாலையை ஹரிகாம்போதி என்று சொல்ல என்ன தடை?

முப்பது வருடம் கழித்து, 1947இல், விபுலானந்த அடிகளின் 'யாழ் நூல்' வந்தது. மட்டக்களப்புப் பக்கம் காரைதீவில் பிறந்தவர், அறிவியல் பட்டதாரி, ராமகிருஷ்ண மடத்துத் துறவி. கரந்தைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்ட அந்தப் புத்தகம் ஜூன் மாதம் திருக்கொள்ளம்புதூரில் அரங்கேறியது, ஜூலையில் அடிகள் காலமானார். அவர் 22ஐ விடவில்லை. அலகுகளை விகிதங்களாகக் கணக்கிட்டார். 4 என்பதை 9/8 ஆகவும், 3 என்பதை 10/9 ஆகவும், 2 என்பதை 16/15 ஆகவும் எடுத்துக்கொண்டால், மூன்று பெரியதும் இரண்டு நடுவும் இரண்டு சின்னதும் சேர்ந்து ஒரு ஸ்தாயியை மிச்சமில்லாமல் நிரப்பும். பெருக்கிப் பாருங்கள், சரியாக 2 வரும். இத்தாலியில் ஸார்லினோ 1558இல் எழுதிய அளவிலும் இதே மூன்று படிகள், இதே எண்ணிக்கையில்.

விபுலானந்தர் வழியில் போனால் 3 பிழைக்கிறது. ஆனால் அந்த வழியில் போகிறவர் ஒரு கடனையும் ஏற்கிறார். படுமலை என்று ஒரே பெயர் வைத்துவிட்டுப் போக முடியாது. பஞ்சமம் இறங்கிய படுமலை ஒன்று, நரம்பை இறக்கிச் சரிசெய்த படுமலை ஒன்று, இரண்டையும் பிரித்துச் சொல்ல வேண்டும். இந்தக் கடனை அட்டவணை போடுகிறவர்கள் அடைப்பதே இல்லை. 22 அலகுப் பெருமையை விபுலானந்தரிடம் எடுத்துக்கொள்கிறார்கள், எங்கும் இடிக்காத வட்டத்தைப் பண்டிதரிடம் எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்காது.

வலது பக்கப் பெயர்கள் இந்தக் குறையைச் சரிக்கட்டுமா என்றால், அவை வேறு வகைப் பெயர்கள். வேங்கடமகி 17ஆம் நூற்றாண்டில் வகுத்த 72 மேளங்களின் இன்றைய பெயர்கள் கடபயாதி எண்ணைச் சுமக்கின்றன. மாளவகௌளை ஏற்கெனவே இருந்த ராகம், எண்ணுக்காக முன்னால் 'மாயா' ஒட்டினார்கள். மா 5, யா 1, திருப்பினால் 15. எண் தெரிந்தால் ஸ்வரங்கள் தெரியும். இது உறவுப் பெயர் இல்லை, முகவரி. 20ஆம் எண் வீடும் 28ஆம் எண் வீடும் அண்ணன் தம்பிகள், ஒன்றின் ரிஷபத்தில் தொடங்கினால் மற்றொன்று வரும் என்பதை முகவரி சொல்லாது. அந்த முகவரியும் தமிழில் எழுதினால் தேய்ந்துபோகிறது. நாடகப்பிரியா 10ஆவது மேளம், நடபைரவி 20ஆவது. வடமொழியில் வேறு வேறான இரண்டு எழுத்துகள் தமிழில் ஒரே 'ட' ஆகிவிடுகின்றன.

மேளங்களிலும் படி அளவு ஒரு பிரச்சினைதான். பன்னிரண்டு ஸ்வரஸ்தானக் கணக்கில் 72ஐயும் ஒரு சின்ன நிரல் எழுதி எண்ணிப் பார்த்தேன், கையாலும் எண்ணலாம். 12 மேளங்களில்தான் இரண்டே அளவுப் படிகள். மீதி 60இலும் சரியாக மூன்று. குழந்தைகள் சரளி வரிசையில் முதலில் கற்கும் மாயாமாளவகௌளையே 1, 3, 1, 2, 1, 3, 1. சமக்குறியின் வலது பக்கம் வந்து உட்காரும் ஆறு மேளங்களும் அந்த 12க்குள்தான் இருக்கின்றன. இந்த 60இல் வரும் பெரிய தாவலும் பாலையின் நடுப் படியும் வேறு வேறு விஷயங்கள், குழப்பிக்கொள்ளக் கூடாது. நான் சொல்ல வருவது, பெயர் முகவரியைக் கொடுக்கிறது, படிகளின் வரிசையைக் கொடுப்பதில்லை என்பது.

இதெல்லாம் காகிதக் கணக்கு, காதுக்கு என்ன வந்தது என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் உண்டு. நன்றாகச் சுருதி சேர்ந்த தம்புராவின் மந்தர ஸட்ஜத்தைக் கவனித்தால் யாரும் மீட்டாத ஒரு காந்தாரம் கேட்கும். அது 5/4. 9/8ஐ 10/9ஆல் பெருக்கினால் கிடைப்பதும் அதே 5/4. அதாவது 4 அலகும் 3 அலகும். கைக்கிளைக்கு 3 இல்லாமல் 4 கொடுத்தால் அந்தக் காந்தாரம் ஏறிப்போகும். கீபோர்டில் அது ஏறித்தான் இருக்கிறது, அரைப்படியில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு. கீபோர்டிலேயே தொடங்கும் பிள்ளைகளுக்கு அட்டவணையின் சமக்குறி முழு உண்மையாகத்தான் படும். கைவிரலுக்கு அடியில் 3 என்று ஒன்று இல்லையே.

அட்டவணையைக் கிழிக்க வேண்டாம். சமக்குறியை எடுத்துவிட்டு 'போல' என்று எழுதுங்கள். ஒவ்வொரு பாலைப் பெயருக்குக் கீழும் அதன் ஏழு எண்களை வரிசையாகப் போடுங்கள். படுமலைக்குக் கீழே 3, 2, 4, 3, 2, 4, 4 என்று எழுதினால், 'சார், இதில் பஞ்சமம் இடிக்குதே' என்று முன்வரிசையில் யாராவது கேட்பார்கள். அதற்குப் பண்டிதர் சொன்ன பதிலும் இருக்கிறது, விபுலானந்தர் வழியில் கிடைக்கும் பதிலும் இருக்கிறது. பேசுகிறவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று அப்போது சொல்லித்தான் ஆக வேண்டும்.