அங்கே பலித்தது இங்கே பலிக்குமா?

தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தை இன்று தமிழ்நாட்டில் நினைவு வைத்திருப்பவர்கள் குறைவு. உலக வங்கியின் கடனுதவியோடு 1980இல் சில மாவட்டங்களில் தொடங்கி, இரண்டாம் கட்டமாக 1997 வரை நடந்து முடிந்த அரசுத் திட்டம் அது. ஆனால் சமூக அறிவியலின் தத்துவத்தைப் பாடமாகப் படிக்கும் வெளிநாட்டு மாணவர்கள் பலருக்கு அந்தப் பெயர் பழக்கமானது. நான்சி கார்ட்ரைட் என்ற தத்துவ அறிஞரும் ஜெரமி ஹார்டியும் 2012இல் வெளியிட்ட கொள்கைச் சான்றுகள் பற்றிய நூலில் இந்தத் திட்டம்தான் முக்கியமான எடுத்துக்காட்டு. ஓர் ஊரில் கண்ட காரண காரியத்தை இன்னோர் ஊருக்கு எந்த உரிமையில் கொண்டுபோகிறோம் என்பது இந்தத் துறையின் பழைய சிக்கல்களில் ஒன்று. அதைப் பேச இதைவிடப் பொருத்தமான கதை எனக்குத் தெரிந்து இல்லை.

திட்டம் நடந்த விதம் எளிமையானது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதாமாதம் எடை போடுவார்கள். எடையை ஓர் அட்டையில் புள்ளியாகக் குறிப்பார்கள். புள்ளிகளை இணைக்கும் கோடு மேலே ஏறாமல் படுத்துவிட்டால் அந்தக் குழந்தைக்கு மட்டும் 90 நாட்களுக்குக் கூடுதல் உணவு தருவார்கள். எடை தேறியதும் உணவு நிறுத்தப்படும். எல்லாக் குழந்தைக்கும் எப்போதும் சோறு போடும் திட்டமல்ல இது. உணவோடு அம்மாவுக்கு அறிவுரையும் போகும்: எப்போது இணை உணவு ஆரம்பிப்பது, வயிற்றுப்போக்கின்போது என்ன கொடுப்பது, அட்டையிலுள்ள கோடு என்ன சொல்கிறது. பஞ்சம் பாதிக் காரணம் என்றால், கையிலிருப்பதை எப்படி ஊட்டுவது என்று அறியாதது மறுபாதி என்பதே திட்டத்தை வகுத்தவர்களின் நம்பிக்கை. அம்மாவுக்குத் தெரியவைத்தால் குழந்தை தேறும் என்று எண்ணினார்கள். கடும் ஊட்டக்குறைவு குறைந்ததாக மதிப்பீடுகள் சொல்லின. உலக வங்கி இதைத் தன் வெற்றிகளில் ஒன்றாகக் கொண்டாடியது.

வெற்றி என்றால் அடுத்த ஊருக்கு எடுத்துப் போகத் தோன்றும். 1995இல் வங்கதேசத்தில் ஏறத்தாழ இதே அச்சில் ஓர் ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. அதே எடை, அதே அட்டை, அதே அறிவுரை. 2003இல் 'சேவ் த சில்ட்ரன்' அமைப்பின் பிரிட்டன் கிளை, திட்டம் நடந்த இடத்துக்கும் நடக்காத இடத்துக்கும் குறிப்பிடும்படியான வேறுபாடே இல்லை என்று அறிக்கை வெளியிட்டது. காரசாரமான விவாதம் கிளம்பியது. பிறகு உலக வங்கியின் மதிப்பீட்டுப் பிரிவே களமிறங்கியது. ஹோவர்ட் ஒயிட் தலைமையில் 2005இல் வந்த அந்த ஆய்வும் திட்டத்தின் பலன் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு என்றே சொன்னது.

ஏன்? கிடைத்த விடைகளில் இரண்டு முக்கியமானவை. கூடுதலாகத் தந்த உணவு கூடுதலாக இருக்கவில்லை. ஒன்று, வீட்டில் மற்றவர்களுக்கும் பங்கானது. அல்லது குழந்தைக்கு வழக்கமாகக் கிடைக்கும் வேளைச் சாப்பாட்டின் இடத்தை அது பிடித்துக்கொண்டது. அடுத்தது, அறிவுரை போய்ச் சேர்ந்த ஆளுக்கு அதிகாரம் இல்லை. வங்கதேசக் கிராமத்தில் சந்தைக்குப் போவது ஆண். கூட்டுக் குடும்பமானால் அடுப்படியில் யாருக்கு என்ன என்று தீர்மானிப்பது மாமியார். இளம் தாய்க்கு எல்லாம் தெரிந்திருந்தும் பயனில்லை. மதிப்பீட்டு வட்டாரங்களில் இதற்கு 'மாமியார் காரணி' என்றே பெயர் விழுந்துவிட்டது.

தமிழ் வாசகர் இங்கே சிரிக்கக்கூடும். நம்மூரில் மாமியார் இல்லையா என்ன! தொலைக்காட்சித் தொடர்கள் ஓடுவதே அவர்களை நம்பித்தானே. ஆனால் மாமியார் இருப்பது வேறு, அந்த மாமியார் யார் என்பது வேறு. தமிழகத்தில் பல சாதிகளில் முறைமாப்பிள்ளைக் கல்யாணம் வழக்கம். மாமியார் சொந்த அத்தையாகவே இருப்பார். பிறந்த ஊர் பேருந்தில் அரை மணி நேரத் தொலைவில் இருக்கும். பெண் கடைத்தெருவுக்குப் போவது யாருக்கும் வியப்பல்ல. ஐராவதி கார்வே 1953இல் இந்திய உறவுமுறை அமைப்பைப் பிராந்தியம் பிராந்தியமாகப் பிரித்து எழுதிவிட்டார். பிரமலைக் கள்ளர்களிடையே தங்கி ஆய்வு செய்த லூயி துமோன் 1957இல் தென்னிந்திய மண உறவின் தர்க்கத்தை விளக்கினார். 1983இல் டிம் டைசனும் மிக் மூரும் இன்னும் ஒரு படி முன்னே போனார்கள். வடக்கே உறவில்லாத தூரத்து வீட்டுக்குப் போகும் மருமகளுக்கும் தெற்கே உறவுக்குள் மணமுடிக்கும் மருமகளுக்கும் உள்ள தன்னுரிமை வேறுபாடு, குழந்தை இறப்பிலும் பிறப்பு விகிதத்திலும் தெரிகிறது என்று வாதிட்டார்கள். அந்தக் கட்டுரை இந்தியாவைப் பற்றியதுதான், வங்கதேசத்தைப் பற்றியதல்ல. ஆனாலும் 'தாயிடம் சொன்னால் போதுமா?' என்ற கேள்வியை எழுப்ப அது தாராளமாகப் போதும். வங்கதேசத் திட்டம் தொடங்குவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே அச்சில் இருந்த அறிவு இது. உறவுமுறை நூல்கள் மானிடவியல் அலமாரியிலும் ஊட்டச்சத்து அறிக்கைகள் பொருளியல் அலமாரியிலும் கிடந்தன. இரண்டையும் சேர்த்துப் புரட்டும் பழக்கம் திட்டம் வகுப்பவர்களுக்கு இல்லாமல் போயிற்று என்பது என் கணிப்பு.

கார்ட்ரைட் இதிலிருந்து எடுக்கும் பாடம் நுட்பமானது. 'அங்கே பலித்தது' என்பது ஒரு தனி நிகழ்வைப் பற்றிய கூற்று. 'இங்கே பலிக்கும்' என்பது இன்னொரு தனி நிகழ்வைப் பற்றியது. முதலாவது எவ்வளவு உறுதியாக நிறுவப்பட்டாலும் அதிலிருந்து இரண்டாவதுக்கு நேர்வழி கிடையாது. எந்தக் காரணமும் தனியாக வேலை செய்வதில்லை; கூடவே சில துணைக் காரணிகள் இருந்தால்தான் விளைவு வரும். கடைக்குப் போகும் தாய், பரிமாறும் தாய், அறிவுரையைக் கேட்கும் தாய் ஆகிய மூவரும் தமிழ்நாட்டில் பெரும்பாலும் ஒரே ஆள். அதனால் அந்தத் துணைக் காரணி கண்ணுக்கே தெரியவில்லை. 'தாய்க்குக் கற்பி' என்ற வாசகத்தை ஒரு படி மேலே ஏற்றி 'குழந்தையின் தட்டைத் தீர்மானிப்பவருக்குக் கற்பி' என்று எழுதியிருந்தால் அது இரண்டு நாட்டுக்கும் பொருந்தியிருக்கும். ஆனால் அந்த உயர்ந்த வாசகத்திலிருந்து மறுபடி தரைக்கு இறங்கும்போது, அந்த ஊரில் தட்டைத் தீர்மானிப்பவர் யார் என்று தெரிந்திருக்க வேண்டும். அதை எந்தச் சோதனையும் தானாகச் சொல்லித் தராது.

இந்தக் கவலை புதிதல்ல. கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே ஜான் ஸ்டூவர்ட் மில் 1843இல் தர்க்கவியல் நூலை வெளியிட்டார். எல்லாவற்றிலும் ஒத்து, ஒன்றில் மட்டும் வேறுபடும் இரண்டு நேர்வுகளை ஒப்பிட்டால் காரணம் பிடிபடும் என்ற முறையை வகுத்தவர் அவர். அந்த முறை சமூகத்துக்குச் செல்லாது என்று சொன்னவரும் அவரே. அப்படி ஒத்திருக்கும் இரண்டு நாடுகளுக்கு எங்கே போவது? இருபதாம் நூற்றாண்டில் ரொனால்ட் ஃபிஷர் ரோதம்ஸ்டட் வேளாண் நிலையத்தில் இதற்கு ஒரு குறுக்குவழி கண்டார். ஒத்த இரண்டைத் தேடாதே. பல பாத்திகளை எடுத்து, எதற்கு உரம் எதற்கு இல்லை என்பதைக் குலுக்கலில் விடு. தெரிந்த வேறுபாடும் தெரியாத வேறுபாடும் சராசரியில் சமனாகிவிடும் என்றார். பாத்தியிலிருந்து பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் இந்த முறை வந்தது. 1997இல் மெக்சிகோ அரசு ஏழைக் குடும்பங்களுக்கு நிபந்தனையோடு பணம் தரும் திட்டத்தை 506 கிராமங்களில் இப்படிச் சோதித்தது. 2019இல் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரெமர் மூவரும் நோபல் பரிசு பெற்றபோது குலுக்கல் முறைச் சோதனை வளர்ச்சிப் பொருளியலின் அரியணையில் உட்கார்ந்துவிட்டது.

ஆனால் குலுக்கல் தீர்ப்பது பாதிச் சிக்கலைத்தான். டொனால்ட் கேம்பல் 1957லேயே இதை அகச் செல்லுபடி, புறச் செல்லுபடி என்று பிரித்துவைத்தார். நடந்த இடத்தில் விளைவுக்கு இதுதான் காரணமா என்பது அகம். வேறு இடத்திலும் வேறு ஆட்களிடமும் நிற்குமா என்பது புறம். குலுக்கல் முதலாவதைக் காக்கும். இரண்டாவதுக்கு அது பொறுப்பேற்காது.

கென்யாவில் நடந்தது இதற்கு நல்ல சாட்சி. ஒப்பந்த ஆசிரியர்களைக் கூடுதலாக நியமித்தால் மாணவர்கள் நன்றாகக் கற்கிறார்கள் என்று அங்கே நடந்த ஒரு சோதனை காட்டியது. அதை நாடு முழுவதும் விரிக்கும்போது ஆய்வாளர்கள் புத்திசாலித்தனமாக ஒன்று செய்தார்கள். சில பள்ளிகளில் தொண்டு நிறுவனம் நடத்தியது, சில பள்ளிகளில் அரசே நடத்தியது, எது யாருக்கு என்பதைக் குலுக்கலில் விட்டார்கள். தொண்டு நிறுவனத்தின் கையில் பலன் வந்தது. அரசின் கையில் ஒன்றும் வரவில்லை. நாடு அதே, பாடம் அதே, நியமன முறையும் அதே. நடத்தும் கை மாறியதும் காரண காரியமே மாறிவிட்டது. இங்கே குலுக்கல் முறை தன் எல்லையைத் தானே அளந்து காட்டியது என்பதையும் சொல்லியாக வேண்டும். அதனால்தான் இந்த முறையை ஒட்டுமொத்தமாகக் கேலி செய்பவர்களோடு என்னால் சேர முடியவில்லை.

தமிழ்நாட்டிலேயே 640 அங்கன்வாடிகளில் நடந்த ஒரு சோதனை அண்மைக்காலத்தில் கவனம் பெற்றது. பாதி மையங்களுக்குக் கூடுதலாக ஒரு பகுதிநேரப் பணியாளரைக் கொடுத்தார்கள். கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது. குழந்தைகளின் கணக்கும் மொழியும் மேம்பட்டன. ஊட்டக்குறைவும் குறைந்தது. அரசு ஏற்கெனவே நடத்தும் அமைப்புக்குள், அரசுப் பணியாளரை வைத்தே செய்யப்பட்டதால் கென்யாவின் சிக்கல் இங்கே குறைவு. ஆனால் இதை அப்படியே பீகாருக்குக் கொண்டுபோகலாமா என்று யாராவது கேட்டால், முதலில் பார்க்க வேண்டியது அங்கே மையம் தினமும் திறக்கிறதா என்பதை. தமிழ்நாட்டில் அங்கன்வாடி திறக்கும் என்பது யாரும் எழுதிவைக்கத் தேவைப்படாத துணைக் காரணி. அது பல பத்தாண்டுகளாக அரசியலும் மக்களின் எதிர்பார்ப்பும் சேர்ந்து உண்டாக்கியது.

கார்ட்ரைட்டும் ஆங்கஸ் டீட்டனும் 2018இல் சேர்ந்து எழுதிய நீண்ட கட்டுரை குலுக்கல் முறைக்கான தனிச்சலுகையை மறுத்தது. மற்ற அறிவோடு சேரும்போதுதான் அதற்குப் பயன் என்றார்கள். என் தீர்ப்பும் அதுவே. அதே சமயம் விமர்சகர்களின் பக்கத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. அதை அவர்களின் ரசிகர்கள் பேசுவதில்லை.

'மாமியார் காரணி'யை நிரூபித்தது யார்? தோல்விக்குப் பிறகு கிடைத்த அழகான விளக்கம் அது. அழகாக இருப்பதே அதன் ஆபத்து. தமிழ்நாட்டு வெற்றியும் அவ்வளவு சுத்தமானதல்ல. திட்டம் தொடங்கிய இரண்டே ஆண்டில், 1982 ஜூலையில், எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைக் கிராமங்களில் தொடங்கினார். இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு அது மதியச் சோறு கொடுத்தது. அண்ணன் மையத்தில் சாப்பிட்டு வந்தால் வீட்டில் மிஞ்சுவது தம்பியின் தட்டில் விழும். அப்படியானால் தேறிய எடையில் எவ்வளவு அறிவுரைக்கு, எவ்வளவு சத்துணவுக்கு? உலக வங்கித் திட்டம் எந்த மாவட்டத்துக்கு என்பது குலுக்கலில் தீர்மானிக்கப்படாததால் இதை இனிப் பிரித்தெடுக்க வழியில்லை. தத்துவ நூலில் 'பலித்த இடம்' என்று பெயர் வாங்கிய இடத்திலேயே பலித்தது எது என்பது தெளிவில்லை. இந்தக் கேள்வியையும் கார்ட்ரைட்டின் வாசகர்கள் கூடுதலாகக் கேட்க வேண்டும். பின்நோக்கிக் கதை சொல்பவர்களுக்குக் கடிவாளம் போட ஃபிஷரின் குலுக்கல் இன்னும் தேவைப்படுகிறது.

புள்ளிவிவரத்துக்கு எதிர்க்கரையில் நிற்பவர்களுக்கும் இதில் இடமுண்டு. மனிதச் செயலை வெளியிலிருந்து அளந்தால் போதாது, செய்பவர் அதற்கு என்ன பொருள் கொடுக்கிறார் என்று புரிந்துகொள்ள வேண்டும் என்றார் மாக்ஸ் வேபர். பீட்டர் வின்ச் 1958இல் இன்னும் கடுமையாக, சமூகத்தை அறிவது இயற்கையை அறிவது போன்றதே அல்ல என்றார். வின்ச் மிகைப்படுத்திவிட்டார் என்று நினைக்கிறேன். ஆனால் கூடுதல் உணவு குழந்தையின் தட்டுக்கு மேல்வரவா, அல்லது வீட்டுக்கு வந்த பொது உணவா? அதை எடைத் தராசு சொல்லாது. அந்த உணவை வாங்கும் குடும்பம் எதுவாகக் கருதுகிறதோ அதுவாகத்தான் அது ஆகிறது. இயன் ஹாக்கிங் சுட்டியதுபோல, மனிதர்கள் தங்கள்மீது ஒட்டப்படும் வகைப்பாட்டை அறிந்து அதற்கேற்ப நடப்பவர்கள். எடை தேறினால் உணவு நின்றுவிடும் என்று ஒரு குடும்பம் கண்டுகொண்டால் என்ன செய்யும்? பாத்தியிலிருக்கும் பயிருக்கு இந்த யோசனை வராது.

இன்னொரு கேள்வி அறிவின் உழைப்புப் பிரிவினை பற்றியது. கோட்பாடு எழுத ஒரு சாரார், தரவு திரட்ட இன்னொரு சாரார் என்று இந்தியச் சமூக அறிவியலில் சாதிப் படிநிலையே குடியேறிவிட்டது என்று கோபால் குரு 2002இல் குற்றம் சாட்டினார். பின்னர் 2012இல் சுந்தர் சருக்கையோடு சேர்ந்து அனுபவத்துக்கும் கோட்பாட்டுக்கும் உள்ள உறவை ஒரு நூலாகவே விவாதித்தார். ஊட்டச்சத்துத் திட்டத்தை வைத்துப் பார்த்தால் குற்றச்சாட்டு உறைக்கிறது. எந்த வீட்டில் கூடுதல் உணவு குழந்தைக்குப் போகிறது, எந்த வீட்டில் போவதில்லை என்பது தராசு பிடித்த ஊட்டச்சத்துப் பணியாளருக்கு முதல் மாதமே தெரிந்திருக்கும். அவர் நிரப்பிய படிவத்தில் எடைக்குக் கட்டம் இருந்தது. அந்தத் தகவலுக்குக் கட்டம் இருந்திருந்தால் துணைக் காரணியைத் தேடிக் கண்டம் தாண்டி ஆள் வர வேண்டியிருக்காது.

முதுகலை வகுப்பில் ஆய்வு முறையியல் தாள் நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாதிரி அளவுச் சூத்திரத்தையும் வினாநிரல் வகைகளையும் இரண்டு வாரத்தில் முடித்துக்கொள்ளுங்கள். மில்லிலிருந்து கார்ட்ரைட் வரையிலான வாதங்களுக்கு நம் மாநிலத்துத் திட்டத்தையே எடுத்துக்காட்டாக வையுங்கள். பிறகு மாணவர்களைப் பக்கத்து அங்கன்வாடிக்கு அனுப்பி, அங்கு வரும் பத்துக் குழந்தைகளின் வீட்டில் கடைக்குப் போவது யார், பரிமாறுவது யார் என்று பணியாளரிடம் கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். அந்தப் பக்கங்களில் பணியாளரின் பெயரும் ஆய்வாளர் வரிசையிலேயே இருக்கட்டும்.