விலைக்குட்டியும் தத்துக்குட்டியும்: காஞ்சிபுரத்தை முன்வைத்து ஒரு திறனாய்வு

தமிழகத்தின் நடுத்தர நகரங்களில், பக்கத்துத் தெருவில் ஈன்ற நாயின் குட்டிகளில் ஒன்றைக் கேட்டு எடுத்துவரும் வழக்கம் தேய்ந்து, நாய்க்குட்டி பேரம் பேசி வாங்கும் சரக்காக மாறியிருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகளின் சம்பளம் வந்து சேரும் காஞ்சிபுரமும் இதற்கு விலக்கன்று. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலிருந்தும், கைப்பேசியில் படம் பார்த்து முன்பணம் அனுப்பும் வழியிலும் வந்து சேரும் குட்டிகளுக்குச் சில ஆயிரம் முதல் பல பத்தாயிரம் ரூபாய் வரை கொடுக்கப்படுகிறது. இந்த விலை எதற்கான விலை என்பதும், அதற்கு மாற்றாகச் சொல்லப்படும் தத்தெடுப்பு அதன் ஆதரவாளர்கள் கூறும் அளவுக்குக் குறையற்றதா என்பதும் சேர்த்தே ஆராயப்பட வேண்டியவை.

இனக்குட்டி என்பது தாய், தந்தை இரண்டும் ஒரே இனத்தைச் சேர்ந்ததாக அறியப்பட்ட குட்டி. அதன் வமிசாவளியை இந்திய கென்னல் கிளப் பதிவு செய்து வழங்கும் சான்றையே வாங்குவோரும் விற்போரும் ‘பேப்பர்’ என்கின்றனர். பேப்பர் உள்ள குட்டிக்கு ஒரு விலை, இல்லாததற்கு வேறு விலை. கடுவனுக்கு ஒரு விலை, பெட்டைக்குப் பெரும்பாலும் அதைவிடக் குறைந்த விலை. இவற்றுக்கு மேல் நிற்பது மோகம். 2003-இல் ஹட்ச் நிறுவனத்தின் கைப்பேசி விளம்பரத்தில் ஒரு சிறுவனைப் பின்தொடர்ந்து நடந்த பக் நாயே அந்த இனத்தை இந்திய நடுத்தர வீடுகளுக்குள் கொண்டுவந்தது. மூக்கு உள்ளொடுங்கியதால் மூச்சுவிடத் திணறும் அந்த நாய்க்குச் சித்திரை வெயில் எத்தகையது என்பதை விளம்பரம் சொல்லவில்லை, விலையும் சொல்லவில்லை. விலை விருப்பத்தின் அளவைக் காட்டுகிறதே ஒழிய, நாயின் உடல்நலத்தை அது அளப்பதில்லை.

ஆயினும் விலைகொடுத்து வாங்குவதை வெறும் பகட்டு என்று ஒதுக்கிவிட இயலாது. குட்டி வளர்ந்தால் எவ்வளவு உயரம் வரும், எவ்வளவு முடி உதிர்க்கும், எத்தகைய குணம் காட்டும் என்பவற்றை இனக்குட்டியில் ஓரளவு முன்னறியலாம்; முன்கூடத்திலேயே தறிக்குழி வெட்டி, பட்டுப் பாவை விரித்து வாழும் பிள்ளையார்பாளையம் போன்ற நெசவுப் பகுதி வீடுகளில் அந்த முன்னறிவு அற்பமானதன்று. அதைவிட வலுவான நியாயம் நாட்டினங்களைச் சார்ந்தது. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகியவை வாங்கி வளர்ப்போர் இருப்பதால்தான் இனமாக நீடிக்கின்றன. 2005-இல் அஞ்சல் துறை ராஜபாளையத்துக்குத் தபால்தலை வெளியிட்டுப் பெருமை சேர்த்தது; ஆனால் இந்த இனங்களைப் பெருக்குவதற்காகச் சென்னை சைதாப்பேட்டையில் அரசு நடத்திவந்த பிரிவோ பின்னாளில் மூடப்பட்டது. அதன்பின் அந்தப் பொறுப்பு பெரும்பாலும் தனியார் கையில்தான் உள்ளது.

அந்தத் தனியாரைக் கட்டுப்படுத்தவே 2017-இல் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் இயற்றப்பட்டன. வளர்ப்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவுபெற வேண்டும். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. ஒரு பெட்டையை ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேல் ஈனச்செய்யக் கூடாது. அதன் வாழ்நாளில் ஐந்து ஈற்றுக்கு மேல் கூடாது. விதிகள் நன்றாகத்தான் இருக்கின்றன. சந்தையில் அவற்றைக் கேட்பவர்தான் இல்லை. ஜரிகையில் வெள்ளி எவ்வளவு, பொன் எவ்வளவு என்று உரசிப் பார்த்தும் கருவியில் வைத்தும் சோதிக்கும் ஊர் இது. 2005-இல் புவிசார் குறியீடு பெற்றபின் போலிச் சேலைக்கு எதிராக ஓயாமல் குரல் கொடுக்கும் ஊரும் இதுவே. அத்தகைய ஊரில், சேலையைச் சோதிக்கும் அதே வாடிக்கையாளர், தாய் நாயைக் கண்ணால் பார்க்காமலும் பதிவெண்ணைக் கேட்காமலும், ஐந்து வாரக் குட்டியை அட்டைப்பெட்டியில் வாங்கிச் செல்வது விந்தையே. தாய்ப்பாலை விட்டுச் சீக்கிரம் பிரிக்கப்பட்டு, தடுப்பூசியும் போடப்படாத அத்தகைய குட்டிகளைத்தான் பார்வோ எனும் குடல் வைரஸ் நோய் சில நாள்களுக்குள் கொண்டுபோகிறது. விலை உயர்ந்திருப்பதால் குட்டியும் உயர்ந்ததாக இருக்கும் என்னும் நம்பிக்கைக்கு ஆதாரம் ஏதுமில்லை.

தத்தெடுப்பு என்பது காப்பகத்திலோ தெருவிலோ மீட்கப்பட்ட நாயை விலையின்றி, பராமரிப்பு உறுதிமொழியுடன் ஏற்றுக்கொள்வது. 1959-இல் சென்னையில் தொடங்கப்பட்ட புளூ கிராஸ் போன்ற அமைப்புகள் இதனை நெடுங்காலமாக நடத்தி வருகின்றன. தலைமுறைகளாக இந்த வெயிலிலேயே தேறி வந்த நாட்டு நாய்க்கு, நெருங்கிய உறவுக்குள் கலக்கச்செய்வதால் லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு இனங்களில் பெருகிய இடுப்பு மூட்டுக் கோளாறு போன்ற பரம்பரை நோய்கள் குறைவு. எடுத்த ஒவ்வொரு நாய்க்கும் கருத்தடை செய்யப்பட்டால் தெருவில் அடுத்த ஈற்றும் தடைபடுகிறது.

இம்முறையின் குறைகளை அதன் ஆதரவாளர்கள் மெதுவாகவே பேசுகின்றனர். முதலாவது, அது இலவசமன்று: தடுப்பூசி, குடற்புழு மருந்து, கருத்தடை, பத்துப் பன்னிரண்டு ஆண்டுச் சோறு ஆகியவற்றில் இனநாய்க்கும் நாட்டு நாய்க்கும் பெரிய வேறுபாடு இல்லை, வாங்கும் விலை மொத்தச் செலவில் ஒரு சிறு பகுதியே. விலையில்லாமல் கிடைத்ததால் செலவும் இல்லை என்று எண்ணி எடுத்தவர், முதல் நோயிலேயே அதைத் தெருவில் விடுகிறார். அடுத்து, பெரிய காப்பகங்கள் சென்னையில் குவிந்திருக்க, வாடகை வீட்டுக்காரரின் ஒப்புதல், வீட்டுப் பார்வையீடு என்று அவை கேட்பவை, நியாயமானவையே எனினும், இங்குள்ள தறிக்கூலிக் குடும்பத்துக்கு எட்டாதவை. இவற்றையெல்லாம்விடக் கொடியது பெட்டைக் குட்டியின் நிலை: கடுவன்கள் கேட்டு எடுக்கப்பட, பெட்டைகள் கோயில் மதிலோரத்திலும் பேருந்து நிலையத்திலும் விடப்படுகின்றன. பைரவருக்கு வாகனமாக நாயை வணங்கும் பக்தர் கூட்டத்தின் நடுவேதான் இதுவும் நடக்கிறது.

வாங்குவதா, தத்தெடுப்பதா என்னும் இருகூறு ஒரு மூன்றாம் வழக்கத்தையும் மறைத்துவிடுகிறது. காஞ்சியின் பல தெருக்களில் நாய் எவருடையதும் அன்று, தெருவுடையது. இரு வீட்டுத் திண்ணையில் சோறு, ஒரு வீட்டு வாசலில் உறக்கம். அதற்குச் சோறிட ஆள் உண்டு, வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட ஆள் இல்லை. பிறருக்கு நேரும் கடிக்கும் பொறுப்பேற்பார் இல்லை. தத்தெடுப்பு இயக்கம் தொட வேண்டிய இடம் இதுவே. புதிதாக அன்பை ஊட்ட வேண்டியதில்லை, இருக்கும் அன்பைப் பதிவேட்டில் ஏற்றினால் போதும்.

வளர்த்த நாயைக் கைவிடுவதை 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம் குற்றமாக்குகிறது. முதல் குற்றத்துக்கு அது விதிக்கும் அபராதமோ பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரைதான். பல ஆயிரம் கொடுத்து வாங்கியதைத் துரத்திவிட ஐம்பது ரூபாய் ஒரு தடையாகாது. 2023-ஆம் ஆண்டு விலங்கு இனக்கட்டுப்பாட்டு விதிகள் தெருநாய்க் கருத்தடையை உள்ளாட்சியின் பொறுப்பாக்கின. 2025 ஆகஸ்ட் 22-இல் உச்ச நீதிமன்றம் டெல்லித் தெருநாய் வழக்கில், விரும்புவோர் மாநகராட்சியிடம் விண்ணப்பித்துத் தெருநாயைத் தத்தெடுக்கலாம் என்றும், அது மீண்டும் தெருவுக்கு வராமல் காப்பது அவர்தம் கடமை என்றும் கூறியதோடு, மற்ற மாநிலங்களையும் அவ்வழக்கில் இணைத்தது.

ஆகவே காஞ்சிபுரத்தின் பெரும்பாலான வீடுகளுக்குத் தத்தெடுப்பே தகுந்தது. நாட்டினத்தை விரும்பி வாங்குவோர், பதிவுபெற்றவரிடம், தாயை நேரில் பார்த்து, எட்டு வாரம் நிறைந்த குட்டியை மட்டும் வாங்குவது ஏற்கத்தக்கது. மற்ற விலைக்குட்டிகளுக்கு நியாயம் கூறுவது கடினம். 2021-இல் மாநகராட்சியாக உயர்ந்த இவ்வூரின் நிர்வாகம், தெருநாய்க்குக் கருத்தடையும் தடுப்பூசியும் அடையாள வில்லையும் தந்து, தெருவாரியாகப் பொறுப்பேற்பவர் பெயரைப் பதிவு செய்யும் ஏற்பாட்டைத் தொடங்க வேண்டும். அதிலும் பெட்டைக் குட்டிகளிலிருந்து தொடங்க வேண்டும்.