கள்ள அளவை: கூடைப்பந்துக் கல்லூரிகளும் நம்ம ஊர் ராங்க்குகளும்

கல்வியை வெள்ளம் கொண்டு போகாது, நெருப்பு எரிக்காது, கள்வர் கவர முடியாது என்று மேடைதோறும் கேட்கிறோம். உண்மைதான். மனசுக்குள்ளே இறங்கிய கல்வியை எவனும் எடுத்துப் போக முடியாது. ஆனால் ஒருவனிடம் கல்வி எவ்வளவு இருக்கிறது என்று ஊருக்குக் காட்ட ஓர் அளவை வேண்டியிருக்கிறதே! மார்க்கு, கிரேடு, ராங்க், சர்டிபிகேட் என்று அதற்குப் பல பெயர். இந்த அளவையைத் திருத்தலாம், போலி செய்யலாம், விலை பேசி விற்கலாம். கல்வியைத் திருட முடியாத கள்வர் அளவையைத் திருடுகிறார்கள்.

இப்படி நடந்த இரண்டு களவுகளை இக்கட்டுரை ஒரே தராசில் நிறுத்துப் பார்க்கிறது. ஒன்று அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் நடந்தது. மற்றது நம் சித்தூர் மாவட்டத்திலேயே 2022ல் நடந்தது. கூடைப்பந்துக்கும் நமக்கும் என்னய்யா சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். சித்தூரிலும் திருப்பதியிலும் நம்மவர் வீடுகள் பலவற்றில் பிள்ளையோ பேரனோ அமெரிக்காவில் படிக்கிறார்கள். மார்ச் மாதம் வந்தால் அங்கே கல்லூரிக் கூடைப்பந்துத் திருவிழா. போனில் பேசும்போதுகூட அதே பேச்சு. அந்தத் திருவிழாவின் பின்புறத்தைப் பார்த்தால் நம்ம ஊர்த் தெருவே அங்கே தெரிகிறது.

1. களவின் ஐந்து வழிகள்

இல்லறத்தார் ஏற்கவேண்டிய விரதங்களைச் சொல்லும் தமிழ்ச் சமண நூல் அருங்கலச்செப்பு. சமந்தபத்திரர் வடமொழியில் செய்த இரத்தினகரண்டக சிராவகாசாரத்தைத் தழுவியது. கள்ளாமை என்னும் விரதத்துக்கு ஐந்து வழிகளில் கேடு வரும் என்பது இம்மரபு. களவு செய்ய ஒருவனைத் தூண்டுவது ஒன்று. களவுப் பொருளை வாங்குவது இரண்டு. அரசு நெறியை மீறி ஆதாயம் தேடுவது மூன்று. நல்ல சரக்கில் அதைப் போலவே இருக்கும் மட்டச் சரக்கைக் கலப்பது நான்கு. அளவையைக் கூட்டிக் குறைப்பது ஐந்து.

இந்த ஐந்தில் ஒன்றில்கூடப் பூட்டு உடைக்கிற திருடன் இல்லை என்பது கவனிக்கத்தக்கது. எல்லாம் கடைத்தெருவில், பகல் வெளிச்சத்தில், கைகூப்பி வரவேற்றுச் செய்யக்கூடிய காரியங்கள். தராசுத் தட்டின் அடியில் புளி ஒட்டுகிறவனைப் போலீஸ் கள்வன் என்று எழுதாமல் போகலாம். நூல் அவனைக் கள்வன் பக்கத்தில் உட்கார வைக்கிறது. தராசு பிடித்துப் பிழைக்கிறவர்களுக்கு இந்தப் பட்டியல் மனப்பாடம். கல்விக்கும் இதையே வைத்துப் பார்த்தால் என்ன?

2. ஆட்டக்காரனுக்குக் கூலி என்ன?

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பு என்.சி.ஏ.ஏ. ஆண்கள் கூடைப்பந்துத் தொடரை ஒளிபரப்ப 2010ல் போட்ட ஒப்பந்தம் 14 வருஷத்துக்கு 1,080 கோடி டாலர். 2016ல் அதையே இன்னும் எட்டு வருஷம், 2032 வரை, 880 கோடி டாலருக்கு நீட்டினார்கள். பயிற்சியாளர்களுக்கு லட்சக்கணக்கான டாலர் சம்பளம். ஆடுகிற பையனுக்கு? சம்பளம் கிடையாது. அவன் மாணவன், தொழில் ஆட்டக்காரன் அல்ல. அவனுக்கு நாங்கள் கல்வி தருகிறோம், அதுவே அவன் கூலி என்று பல காலம் சொல்லி வந்தார்கள்.

நன்னூல் செய்த பவணந்தி முனிவர் பாயிரத்தில் ஆகாத ஆசிரியருக்கு உவமை சொல்லும்போது முடத்தெங்கைக் காட்டுகிறார். ஒருவன் தண்ணீர் ஊற்றி வளர்க்க, வளைந்துபோய் அடுத்தவன் கொல்லையில் காய் போடுகிற தென்னை அது. பையன் வியர்வை ஊற்றுகிறான், காய் கல்லூரிக் கொல்லையில் விழுகிறது. சரி, அதற்குப் பதிலாகக் கல்வியாவது நல்ல சரக்காகக் கொடுத்தார்களா என்பதுதான் கேள்வி.

மினசோட்டா பல்கலைக்கழகத்தில் என்ன நடந்தது என்பதை 1999 மார்ச்சில் ஓர் உள்ளூர்ப் பத்திரிகை வெளியிட்டது. படிப்பு ஆலோசனைப் பிரிவில் வேலை பார்த்த ஓர் அம்மையார், கூடைப்பந்து வீரர்களுக்காகச் சுமார் 400 பாடக் கட்டுரைகளைத் தாமே எழுதிக் கொடுத்ததாக ஒத்துக்கொண்டார். பயிற்சியாளர் பதவி போயிற்று. அந்தச் செய்தியை எழுதியவருக்கு மறு வருஷம் புலிட்சர் பரிசு கிடைத்தது.

3. வகுப்பே நடக்காத வகுப்பு

இதைவிடப் பெரியது சேப்பல் ஹில் நகரில் உள்ள வட கரோலினா பல்கலைக்கழகத்தில் நடந்தது. மைக்கேல் ஜோர்டான் படித்த இடம். (அவர் அங்கே ஆடியது இந்தக் கதைக்கு முந்திய காலம்.) ஆப்பிரிக்க, ஆப்பிரிக்க அமெரிக்க ஆய்வுத் துறையில் 1993 முதல் 2011 வரை சில பாடங்கள் காகிதத்தில் மட்டும் இருந்தன. வாத்தியார் வரமாட்டார், வகுப்பு கூடாது. கடைசியில் ஒரு கட்டுரை கொடுத்தால் போதும். அந்தக் கட்டுரைகளில் மிகப் பலவற்றுக்கு மதிப்பெண் போட்டது பேராசிரியர் அல்ல, துறை அலுவலகத்து நிர்வாக ஊழியர். மார்க்கும் தாராளம். ராலே நகரத்து நியூஸ் அண்ட் அப்சர்வர் பத்திரிகையின் டான் கேன் விடாமல் எழுதினார். பல்கலைக்கழகமே அமர்த்திய வழக்கறிஞர் கென்னத் வைன்ஸ்டைன் 2014 அக்டோபரில் தந்த அறிக்கை, 18 வருஷத்தில் 3,100க்கு மேற்பட்ட மாணவர்கள் இப்படிப் 'படித்தார்கள்' என்றது. அதில் ஏறக்குறையப் பாதிப் பேர் விளையாட்டு வீரர்கள்.

சில வீரர்களுக்குச் சரியாக வாசிக்கவே வரவில்லை என்று முதலில் வாய் திறந்தவர் மேரி வில்லிங்ஹாம். அங்கே வீரர்களுக்குப் படிப்பில் உதவும் வேலை பார்த்தவர். அவர் சொன்னதை நிர்வாகம் மறுத்தது. 2014ல் வேலையை விட்டார். கள்ளப் படியைக் காட்டிக் கொடுத்தவர் கடையை விட்டுப் போகவேண்டியதாயிற்று. எந்த ஊரிலும் இதே வழக்கம்தான் போலிருக்கிறது.

4. தீர்ப்பில் உள்ள ஓட்டை

என்.சி.ஏ.ஏ. விசாரித்தது. 2017 அக்டோபரில் முடிவு சொன்னது: அந்தப் பாடங்கள் விளையாட்டு வீரர்களுக்கு மட்டும் அல்ல, எல்லா மாணவர்களுக்கும் திறந்திருந்தன; ஆகவே வீரர்களுக்குத் தனிச் சலுகை என்று சொல்ல முடியாது; எங்கள் விதிப்படி படிப்பு மோசடிக் குற்றம் நிரூபணமாகவில்லை. பாடத்தின் தரத்தைப் பார்ப்பது எங்கள் வேலையல்ல என்றும் கைகழுவினார்கள்.

இந்தத் தர்க்கத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். ஒரு கடைக்காரன் முக்கால் படியை ஒரு படி என்று அளக்கிறான். பிடிபட்டதும், "நான் யாருக்கும் ஓரவஞ்சனை பண்ணலையே, வந்தவங்க எல்லாருக்கும் இதே படியிலதானே அளந்தேன்" என்கிறான். விட்டுவிடலாமா? எல்லாருக்கும் கொடுத்ததால் கள்ள நாணயம் நல்ல நாணயம் ஆகிவிடாது. ஏமாந்தவர் தொகைதான் கூடும். விதிப்புத்தகம் 'யாருக்குச் சலுகை' என்று கேட்டது. நம் நூல் 'அளவை சரியா' என்று கேட்கிறது. முன்னது சங்கத்து உறுப்பினர்களுக்குள் நடக்கும் போட்டியைக் காக்கும் கேள்வி. பின்னது சரக்கு வாங்கினவனைக் காக்கும் கேள்வி.

கல்விதான் கூலி என்று சொன்னவர்களே அந்தக் கூலியைப் போலி நாணயத்தில் கொடுத்தார்கள். பந்தாட்டத்தில் பெரிய சம்பளம் பெறும் நிலைக்குப் போகிறவன் நூற்றில் ஒன்றிரண்டு பேர். மற்றவன் கையில் மிஞ்சுவது அந்தச் சான்றிதழ் ஒன்றுதான். அது வெறும் காகிதம் என்றால் திருடு போனது யார் வீட்டில்? அந்தப் பையன் வீட்டில்தான்.

5. ஆள் பிடிக்கும் சந்தை

2017 செப்டம்பரில் அமெரிக்க அரசு 10 பேர்மீது வழக்குப் போட்டது. அவர்களில் நான்கு பேர் கூடைப்பந்துத் துணைப் பயிற்சியாளர்கள். அடிடாஸ் காலணி நிறுவனத்து அதிகாரி ஒருவரும் உண்டு. பள்ளியில் நன்றாக ஆடும் பையனின் குடும்பத்துக்கு ரகசியமாகப் பணம் கொடுத்து, தங்கள் நிறுவனம் ஆதரிக்கும் கல்லூரியில் சேர்க்கப் பார்த்தார்கள் என்பது ஒரு குற்றச்சாட்டு. 2018ல் மூன்று பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று. இதில் வேடிக்கை, ஏமாற்றப்பட்டவர் என்று வழக்கில் காட்டப்பட்டது பல்கலைக்கழகம்! கோடிகளை அள்ளினவர் ஏமாந்தவர் ஆனார்.

பிறகு காற்று மாறியது. 2021 ஜூலை முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்து வெளிப்படையாகச் சம்பாதிக்கலாம் என்று விட்டார்கள். 2025ல் கல்லூரிகளே நேராகப் பணம் கொடுக்கவும் வழி வந்தது. மேசைக்கு அடியில் நடந்தது மேசைமேல் வந்தது. அந்த மட்டுக்கு நல்லதே. ஆனால் வகுப்பறையின் அளவை சரியாயிற்றா என்பது வேறு கேள்வி. பணம் கொடுப்பதால் அது தானாகச் சரியாகாது.

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். பத்தாம் வகுப்பில் நல்ல மார்க்கு வாங்கும் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு, பரீட்சை முடிவதற்கு முன்பே தனியார் ஜூனியர் காலேஜ் பி.ஆர்.ஓ. வந்து உட்காருவது நமக்குப் புதிதா? பீஸ் வேண்டாம், ஹாஸ்டல் சும்மா, புத்தகம் சும்மா. ஏழைப் பிள்ளை ஒன்று அதனால் டாக்டர் ஆனால் சந்தோஷம்தான். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பிள்ளையின் படம் பேப்பரில் முழுப் பக்கம் வருகிறது. அதைப் பார்த்து லட்சம் லட்சமாகக் கட்டிச் சேருகிறவர்கள் நடுத்தரப் பிள்ளைகள். வாசலில் மாதிரிக்கு வைத்த மாம்பழம் ஒன்று, உள்ளே கூடையில் இருப்பது வேறொன்று. அருங்கலச்செப்பின் நாலாவது வழி இதுவே.

ஒரே ராங்க்கைப் பல கடைகள் தம் சரக்கு என்று காட்டுவதும் உண்டு. 2022 ஆம் ஆண்டு ஐ.ஏ.எஸ். முதலான தேர்வில் தேர்வானவர்கள் மொத்தமே 933 பேர். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 20 பயிற்சி மையங்களின் விளம்பரங்களைக் கூட்டிப் பார்த்தபோது, 3,500க்கு மேற்பட்டவர்களை 'எங்கள் மாணவர்' என்று உரிமை கொண்டாடியிருந்தார்கள். எந்தப் பிள்ளை எந்தப் பயிற்சி எடுத்தது என்பதை மறைக்கக்கூடாது என்று 2024 நவம்பரில் ஆணையம் நெறிமுறை வெளியிட்டது.

6. நெல்லேப்பள்ளி, 2022

கொரோனாவால் 2020, 2021 இரண்டு வருஷமும் ஆந்திரத்தில் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு நடக்கவில்லை. 2022 ஏப்ரல் 27 அன்று மறுபடி தொடங்கியது. முதல் நாள் தெலுங்குத் தாள். கங்காதர நெல்லூர் மண்டலம் நெல்லேப்பள்ளி ஜில்லா பரிஷத் உயர்நிலைப் பள்ளியிலிருந்து வினாத்தாளின் படம் தேர்வு நேரத்திலேயே வாட்ஸ்அப்பில் வெளியே போனது. தங்கள் பிள்ளைகளின் மார்க்கை உயர்த்தத் தனியார் பள்ளி ஊழியர்களும் அரசு ஆசிரியர் சிலரும் கூடிச் செய்தது என்பது போலீஸ் தரப்பு. ஆந்திரத்தின் 1997 ஆம் ஆண்டுத் தேர்வு முறைகேடு தடுப்புச் சட்டத்தில் வழக்கு. மே 10 அன்று நாராயணா கல்விக் குழுமத்தை நிறுவிய முன்னாள் அமைச்சர் பி. நாராயணாவை ஹைதராபாத்தில் கைது செய்து சித்தூருக்குக் கொண்டுவந்தார்கள். அவர் 2014லேயே நிர்வாகப் பொறுப்பை விட்டுவிட்டார் என்று வக்கீல் வாதாட, நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. நிரூபணம் ஆகாத குற்றத்தை ஒருவர் தலையில் ஏற்றுவது நம் நெறி அல்ல. சொல்லிலும் அகிம்சை வேண்டும். அதே கோடையில் பத்தாம் வகுப்பு ராங்க் விளம்பரங்களுக்கு மாநில அரசு தடை போட்டது.

ஆளை விட்டு முறையைப் பார்ப்போம். வினாத்தாளைப் படம் பிடிக்கச் சொல்வது முதல் வழி, அதாவது தூண்டுதல். சட்டத்தை மீறுவது மூன்றாவது. மார்க்கைக் கூட்டுவது ஐந்தாவது. அந்த மார்க்கை விளம்பரமாக்கி விற்பது நாலாவது. இரண்டாவது வழி ஒன்று பாக்கி இருக்கிறது, களவுப் பொருளை வாங்குவது. அதை வாங்குகிறவர் யார்?

7. நம் பங்கு

சங்கடமாக இருந்தாலும் சொல்லித்தான் ஆகவேண்டும். வாங்குகிறவர் நாம். "எப்படி வந்தால் என்ன, மார்க்கு வந்தால் சரி" என்று எந்த வீட்டில் பேசுகிறார்களோ, அந்த வீட்டு வாசலுக்குச் சரக்கு வந்து சேரும். வாங்க ஆள் இல்லாத ஊரில் கள்ளப் படி செய்கிற தச்சனுக்கு வேலை இருக்காது. "எல்லாரும் செய்யறாங்க, நம்ம பிள்ளை மட்டும் பின்தங்கணுமா" என்ற நம் பேச்சும், "எல்லா மாணவருக்கும் திறந்திருந்த பாடம்" என்ற அமெரிக்கத் தீர்ப்பும் ஒரே அச்சில் வார்த்தவை. நெல்லேப்பள்ளியில் நேர்மையாகத் தேர்வு எழுதிய கிராமத்துப் பிள்ளைக்கு அந்த 'எல்லாரும்' கணக்கில் இடமே இல்லை.

பவணந்தியார் பாடம் சொல்லத் தகாதவர் பட்டியலில் கள்வனையும் வஞ்சகனையும் சேர்த்தார். இன்றைக்குக் கள்வன் பாடம் கேட்க வரவில்லை, பாடம் விற்க வந்திருக்கிறான். ஆகவே மாணாக்கனைச் சோதிப்பதோடு நிற்காமல், கற்றுக்கொடுக்கும் கடையையும் சோதிக்க வேண்டியிருக்கிறது. காலேஜில் சேர்க்குமுன் மூன்று கேள்வி கேளுங்கள். முதல் ராங்க் வாங்கின பிள்ளையை விடுங்கள், நடுவில் இருக்கும் ஐம்பதாவது பிள்ளை என்ன ஆனான்? போன வருஷம் சேர்ந்தவர் எத்தனை, பாதியில் போனவர் எத்தனை? விளம்பரத்தில் இருக்கும் பிள்ளை இங்கே எத்தனை வருஷம் படித்தான்? பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் தராசைத் திருப்பிப் பாருங்கள்.

நம் சங்கத்துக்கும் ஒரு விண்ணப்பம். தமிழ்ச் சங்க விழாக்களில் அதிக மார்க்கு வாங்கின பிள்ளைகளுக்குப் பொன்னாடை போர்த்துகிறோம், மலரில் படம் போடுகிறோம். நல்ல வழக்கம், இருக்கட்டும். அதோடு மார்க் ஷீட் கேட்காமல் ஒரு பரிசு வையுங்கள். தான் படித்த ஒரு விஷயத்தைப் பத்து நிமிஷம், சபைக்கு முன்னால், நம் தமிழில் விளக்கிச் சொல்லும் பிள்ளைக்கு அது போகட்டும். சீவக சிந்தாமணியில் யாழ்ப் போட்டி ஊரறிய நடக்கிறது. கொண்டுவந்து கொடுத்த யாழ்களின் குற்றங்களைச் சீவகன் எடுத்துக்காட்டி ஒதுக்குகிறான். குற்றமற்ற யாழை வாங்கி வாசித்து வெல்கிறான். அந்தச் சபையில் கட்டுரை எழுதிக் கொடுக்க ஆள் வைத்துக்கொள்ள முடியாது, வினாத்தாளை முன்கூட்டிப் படம் பிடிக்கவும் முடியாது. அடுத்த ஆண்டு விழாவுக்கே இதைத் தொடங்கலாம். செலவு அதிகம் ஆகாது. சித்தூரிலும் திருப்பதியிலும் வீட்டுக்கு ஒரு பிள்ளை முன்வந்தால் போதும்.