டான் கேபிளின் மல்யுத்தத்தை ரசிப்பது எப்படி?

மல்யுத்தம் என்றவுடன் ஒருவன் மற்றவனை அலாக்காகத் தூக்கி எறியும் காட்சிக்காகக் காத்திருப்பவர்கள், அமெரிக்கக் கல்லூரிப் பந்தயங்களைப் பார்த்துச் சலிப்புற்று எழுந்து போவதுண்டு. ஏனெனில் அதன் ஜீவன் எறிவதில் இல்லை, விழுந்தவனை எழவொட்டாமல் அடக்கி வைப்பதில் இருக்கிறது. எதிராளியைக் காட்டிலும் ஒரு நிமிஷமாவது கூடுதலாக மேலே இருந்து ஆதிக்கம் செலுத்தியவனுக்கு, அதற்கென்றே ஒரு புள்ளி உண்டு. இந்தச் சூக்ஷ்மத்தில் ருசி உண்டாக வேண்டுமானால், அயோவா மாகாணத்து வாட்டர்லூவில் 1948-ல் பிறந்த டான் கேபிளைப் பார்க்க வேண்டும்.

முதலில் அவர் தோற்ற பந்தயத்தின் படம். பள்ளிப் பருவத்திலும், பிறகு அயோவா ஸ்டேட் சர்வகலாசாலையிலும் அபஜயம் என்பதையே அறியாதிருந்த அந்த இளைஞர், 1970-ல் எவன்ஸ்டனில் நடந்த தேசிய இறுதிப் பந்தயத்தில், இவரை எதிர்ப்பதற்கென்றே எடையைக் குறைத்துக்கொண்டு கீழ்ப் பிரிவுக்கு இறங்கி வந்த லாரி ஓவிங்ஸிடம் 13-11 என்று தோற்றார். ஓவிங்ஸ் அவரை வீழ்த்தி, முதுகைத் தரைப்பக்கம் திருப்பிப் புள்ளிகளைப் பறித்தது பந்தயத்தின் அந்திமத்தில் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு 1972 மியூனிக் ஒலிம்பிக்ஸ். 68 கிலோ பிரிவில் ஆறு பந்தயங்கள்; எதிராளிகளில் ஒருவருக்கும் ஒரு புள்ளிகூடக் கிட்டவில்லை. இங்கே பிடிகளை எண்ணிக்கொண்டிராமல் கால்களைக் கவனியுங்கள்: அவை முன்னேறிக்கொண்டே இருக்கும், எதிராளிக்கு மூச்சுவிட அவகாசமே தராத அந்த நெருக்குதல்தான் அவருடைய பிரதான ஆயுதம்.

1976 முதல் 1997 வரை, தாம் படித்த கலாசாலைக்குப் பரம வைரியான அயோவா சர்வகலாசாலையில் பயிற்சியாளராக இருந்து, 15 தேசியப் பட்டங்களை ஈட்டினார். 1978 முதல் 1986 வரை ஒன்பது தொடர்ச்சியாக. பத்தாவதை 1987-ல் தடுத்தது அந்தப் பழைய கலாசாலையே என்பது விதியின் பரிகாசம். எண்ணிக்கையை ஆராதிப்பவர்களுக்கு இவை போதும், எனக்குப் போதாது. குருவின் கைவரிசையைக் காண சிஷ்யர்களின் பந்தயங்களில் கடைசிப் பகுதியான மூன்றாவதற்குப் போக வேண்டும். அந்த வேளையில் களைத்தவன் கோதாவின் ஓரத்தை நாடுவான், பாதரட்சையின் கயிற்றை நிதானமாக முடிவான், நடுவரின் எச்சரிக்கையையும் வாங்கிக்கொள்வான். அயோவாக்காரனோ மத்திக்குத் திரும்பி வந்து அவனுக்காக நின்றுகொண்டிருப்பான்.

கேபிளின் சிஷ்யரும், 1996-ல் அட்லாண்டா ஒலிம்பிக்ஸில் தங்கம் வென்றவருமான டாம் பிராண்ட்ஸ் 2006 முதல் அயோவா சர்வகலாசாலையில் பயிற்சியாளர். அவருடைய மல்லர்கள் மோதும் பந்தயம் பார்க்கக் கிடைத்தால், முதல் மூன்று நிமிஷங்களைக் காபிக்குச் செலவிட்டாலும் பாதகமில்லை. கடைசி இரண்டு நிமிஷங்களுக்கு மட்டும் இருக்கையை விட்டு நகராதீர்கள்.