வெள்ளவத்தையில் கேட்ட இசையும் கேளாத மறுப்பும்

இசையும் புகைப்படமும் திரைப்படமும் எழுத்தாளனுக்கு ஊற்றுக்கண்கள் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் கலையில் பழகிய கண் மனிதரைக் காண்கிறதா என்று கேட்டேயாக வேண்டும்.

1929இல் சிலி நாட்டுக் கொன்சலாகக் கொழும்பு வந்த பாப்லோ நெருடா, வெள்ளவத்தைக் கடலோரத்தில் வாழ்ந்தார். செசார் பிராங்கின் வயலின் சொனாட்டாவை இசைத்தட்டில் திரும்பத் திரும்பக் கேட்டார். பியானோக் கலைஞரும் புகைப்படக் கலைஞருமான லயனல் வென்ற் அவருக்கு வாரந்தோறும் நூல்கள் அனுப்பினார். ‘சோங் ஒஃப் சிலோன்’ (1934) ஆவணப்படத்துக்குக் குரல் கொடுத்தவரும் வென்ற்தான். இச்சூழலில் நெருடாவின் சிறந்த கவிதைகள் சில பிறந்தன.

அதே வீட்டின் மலவாளியை நாள்தோறும் சுமந்தவள் ஒரு தமிழ்ப் பெண்; சாதி அவளை அத்தொழிலில் தள்ளியிருந்தது. நெருடா வைத்த பரிசுகளை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அம்மறுப்பை மீறி அவளைப் பலவந்தப்படுத்தியதை, மறைவுக்குப்பின் 1974இல் வெளிவந்த நினைவுக் குறிப்புகளில் அவரே எழுதியுள்ளார். அவள் தம்மை வெறுத்தது நியாயமே என்றும் ஒப்புகிறார். அவள் நடையில் தெய்வத்தைக் கண்டார், உடலில் சிலையைக் கண்டார், மனுஷியைக் காணவில்லை. ஒப்புதலிலும் அவளுக்குப் பெயரில்லை.

நம் அணியின் கவிஞர் என்பதற்காக இதனை மறைப்போமாயின், ஒடுக்கப்பட்டோர் பற்றி நாம் பேசுவதெல்லாம் வெறும் சொல்லாகிவிடும். அவர் கவிதைகளை ஒதுக்குமாறு நாம் கூறவில்லை. வகுப்பறையில் அவற்றைப் படிப்பிக்கும்போது, அந்த வாளியைச் சுமந்தவளைப் பற்றியும் மாணவருக்குச் சொல்லுவோம். அழகைக் காணக் கற்பிக்கும் நாம், மறுப்பைக் கேட்கவும் கற்பிக்கக் கடமைப்பட்டுள்ளோம்.