குடும்ப வருமானம் என்கிற கணக்கு

வேலையில்லாதோர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் பெண், பெயர், பிறந்த தேதி, படிப்பு, வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு எண் வரைக்கும் ஒரு தனி ஆள். ‘குடும்ப ஆண்டு வருமானம்’ என்ற இடம் வந்ததும் ‘நான்’ மறைந்து ‘நாம்’ வந்துவிடுகிறது. பிறரையும் தன்னோடு சேர்த்துச் சொல்லும் இந்தப் பன்மையை இலக்கணம் உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்கிறது. இலக்கணத்தில் பேசுகிறவர் விரும்பிச் சேர்த்துக்கொள்கிறார். அரசின் கணக்கிலோ அவளைக் கேட்காமலே சேர்த்துவிடுகிறார்கள்.

தமிழ்நாடு அரசின் இந்தத் திட்டத்தில் பத்தாம் வகுப்பில் தேறாதவருக்கு மாதம் 200 ரூபாய், தேறியவருக்கு 300, பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவருக்கு 400, பட்டதாரிக்கு 600. பதிவு செய்து ஐந்து ஆண்டு காத்திருக்க வேண்டும். கிடைப்பது மூன்று ஆண்டு. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாயைத் தாண்டக்கூடாது. அதாவது, மாதம் 6,000.

உக்கடத்தில் ஒரு வீட்டை நினைத்துப் பார்ப்போம். அம்மா இரண்டு வீடுகளில் பாத்திரம் தேய்த்து மாதம் 6,500 ரூபாய் கொண்டுவருகிறார். மகள் பட்டதாரி, பதிவைத் தவறாமல் புதுப்பித்து வருபவள். ஒப்பணக்கார வீதித் துணிக்கடையில் விற்பனைப் பெண்ணாக இருந்தவளை ‘ஆள் குறைப்பு’ என்று நிறுத்திவிடுகிறார்கள். அம்மாவின் வருமானம் ஆண்டுக்கு 78,000. எனவே மகளுக்கு அந்த 600 ரூபாய் கிடையாது. நாளை அந்த இரண்டு வீட்டாரும் “இனி வர வேண்டாம்” என்றால் அம்மாவுக்கும் வேலையிழப்பு ஈடு எதுவும் கிடையாது. அவருடைய வருமானம் அரசின் கணக்கில் இருக்கிறது. அவருடைய வேலை இல்லை.

மகளுக்குக் கல்யாணம் ஆகியிருந்தால் அம்மாவின் இடத்தில் கணவன் சம்பளம் வந்து நிற்கும். அதில் எவ்வளவு வீடு வந்து சேர்கிறது, அவள் கை தொடுவது எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. குடும்பம் ஒரே மனதோடு இயங்கும் ஒற்றை அலகு அல்ல, ஒத்துழைப்பும் முரணும் சேர்ந்தே இருக்கும் இடம் என்று அமர்த்தியா சென் எழுதிப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. வருமானச் சான்றிதழுக்கு அது இன்னும் எட்டவில்லை.

இது நம் ஊரில் மட்டும் நடந்ததல்ல. 1931இல் பிரிட்டன், வேலையிழந்தோர் உதவிக்கு வீட்டு வருமானச் சோதனையைக் கொண்டுவந்தது. அதிகாரிகள் வீட்டுக்குள் வந்து மேசை நாற்காலிகளைக்கூடக் கணக்கெடுத்தார்கள். அப்பாவின் உதவி நின்றுவிடக்கூடாதே என்று சம்பாதிக்கும் பிள்ளைகள் வீட்டை விட்டு வெளியேறினார்கள். அதே ஆண்டு வந்த இன்னொரு சட்டம், சந்தா கட்டியிருந்த மணமான பெண்கள் பலரின் உதவியையே பறித்தது.

“இருக்கிற பணம் ஏழைக்குத்தானே முதலில் போக வேண்டும்?” என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் வறுமைக்குத் தருவது வேறு, வேலை இழந்ததற்குத் தருவது வேறு. வேலையை இழப்பது ஓர் ஆள், குடும்பம் அல்ல. இஎஸ்ஐயில் 2018 ஜூலையில் தொடங்கிய ‘அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா’ இதை ஒப்புக்கொள்கிறது. சராசரி தினக்கூலியில் 25 சதவீதம் என்று தொடங்கி, கொரோனா காலத்தில் 50 ஆக உயர்ந்தது. வாழ்நாளில் 90 நாள் வரைதான். சொற்பம்தான், ஆனால் வீட்டில் வேறு யார் சம்பாதிக்கிறார்கள் என்று அது கேட்பதில்லை. அது பார்ப்பது தொழிலாளியின் சொந்தச் சந்தாவை. துணிக்கடை அவள் பெயரைப் பதிவேட்டில் ஏற்றிச் சந்தா கட்டியிருந்தால் மகளுக்கு அந்தக் கதவு திறக்கலாம். பாத்திரம் தேய்க்கிறவருக்கும், பனியன் துணிக்கு வீட்டிலிருந்தே பிசிறு வெட்டித் தருகிறவருக்கும் அந்தக் கதவும் இல்லை.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை இரண்டு. வேலையிழப்பு உதவியில் குடும்ப வருமான வரம்பு நீங்க வேண்டும். சம்பள ரசீது இல்லாத பெண்களின் உழைப்பும் வேலையாகப் பதிவாக வேண்டும். இப்படித் தரமுடியாது என்று இந்த மாநிலம் சொல்லிவிட முடியாது. இதே திட்டத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கு வருமான வரம்பு இல்லை. உக்கடம் பேருந்து நிலையத்தில் டவுன் பஸ் ஏறும் பெண்ணுக்கு 2021 முதல் கட்டணமில்லாச் சீட்டு கிழித்துத் தரும் நடத்துநர், உன் புருஷன் எவ்வளவு சம்பாதிக்கிறான் என்று கேட்பதில்லை. ஏறியவள் யாரோ, சீட்டு அவளுக்கு.