கட்டுவதா, மாற்றுவதா: ஒரு படகு மோட்டாரும் இரண்டு கரைகளும்

செண்பகத்தோப்பில் படகு கிடையாது. மேற்கே மலை, அடிவாரத்தில் மாந்தோப்பும் தென்னந்தோப்பும், காட்டழகர் கோயிலுக்கு ஏறும் பாதை. சாம்பல் நிற அணில்களுக்காக 1988-இல் சரணாலயமாகி, 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தோடு சேர்ந்த காடு இது. அப்படிப்பட்ட இடத்தில், எங்கள் தோப்பின் மோட்டார் ரூம் திண்ணையில், உப்புப் பூத்த ஒரு படகு மோட்டாரைப் பிரித்துப் பரப்பி வைத்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்திருந்தோம்.

தூத்துக்குடியில் இருக்கும் மச்சான் அனுப்பியது. அவர் படகில் இருப்பது பழைய அவுட்போர்டு எஞ்சின். ஆழம் குறைந்த இடத்திலும் கரை ஏற்றும்போதும் எஞ்சினைத் தண்ணீருக்கு மேலே தூக்க வேண்டும். அதற்கென்று கீழே ஒரு சின்ன 12 வோல்ட் மோட்டார் உண்டு. அது ஒரு பம்பைச் சுழற்றும். பம்பு எண்ணெயைச் சிலிண்டருக்குள் தள்ளும். எஞ்சின் மெல்ல எழும். டில்ட் மோட்டார் என்பது இதுதான். "ராஜபாளையத்துல காயில் கட்டுறவங்க இருக்காங்கள்ல மாப்ள, குடுத்துப் பாரு" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. 1936-இல் ராஜபாளையம் மில் வந்ததிலிருந்து நூற்பாலை மோட்டாரும் கிணற்று மோட்டாரும் கருகக் கருக, அதைக் கட்டிக் கொடுக்கும் கைகளும் இங்கே பெருகிவிட்டன.

படம் எடுத்து, யாழ்ப்பாணத்தின் பருத்தித்துறையில் இருக்கும் நண்பருக்கு அனுப்பினேன். பைபர் போட்டும் வெளியிணைப்பு இஞ்சினுமாகவே வாழ்ந்தவர். உடனே கூப்பிட்டார். "அண்ணை, உதை ஏன் கட்டுறியள்? பாவிச்ச யுனிட் ஒண்டு முழுசா எடுத்துப் போடுங்கோ. கடலுக்கை போற சாமானிலை பரீட்சை பாக்கக் கூடாது."

கட்டு என்கிறது இந்தக் கரை, மாற்று என்கிறது அந்தக் கரை. இரண்டுக்கும் பின்னால் நாட்டின் கதை இருக்கிறது. இலங்கை 1977-இல் சந்தையைத் திறந்துவிட்டது. ஜப்பான் சாமான் தாராளமாக வந்தது. பாவித்த வாகனம், அதிலிருந்து கழற்றிய எஞ்சின், கியர்பாக்ஸ் என்று கொழும்பு பஞ்சிகாவத்தையில் தெரு முழுக்கக் கடை. ஒன்று பழுதானால் அதே இனத்தில் இன்னொன்றைத் தேடும் பழக்கம் அங்கே ஊறியது. இந்தியாவில் 1991 வரை இறக்குமதிக்கு லைசென்ஸ். ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் 1937-இல் மோட்டார் செய்து காட்டிய கோவை இருந்தது, லேத் இருந்தது, செம்புக் கம்பி இருந்தது. வெளிச்சாமான்தான் இல்லை. ஆகவே உள்ளதைக் கட்டினோம், கடைந்தோம், அச்சு எடுத்து ஊற்றினோம். சென்னை புதுப்பேட்டையிலும் கழற்றிய சாமான் மலையாகக் கிடக்கிறது என்றாலும், வாங்கியதை லேத்தில் ஒரு பிடி கொடுத்துப் பொருத்துவதுதான் நம் வழக்கம்.

யாழ்ப்பாணத்தை மட்டும் இந்தக் கணக்கில் அடைத்துவிட முடியாது. 1990-க்குப் பிறகு பொருளாதாரத் தடையில் பெட்ரோலும் பேட்டரியும் உதிரிச் சாமானும் உள்ளே வராத காலத்தில், ஒரு துளி பெட்ரோல் காட்டி ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்கள் அவர்கள். சைக்கிள் டைனமோவில் ரேடியோ கேட்டவர்கள். அதனால்தான் நண்பரின் பேச்சை அலட்சியமாகத் தள்ள எனக்கு மனம் வரவில்லை. கட்டத் தெரியாமல் அவர் மாற்றச் சொல்லவில்லை. எல்லா வித்தையும் பார்த்துக் களைத்த பிறகு சொல்கிறார்.

மோட்டாரைப் பார்ப்போம். முதலில் கம்பியை எண்ண வேண்டும். பழைய டில்ட் மோட்டாரில் மூன்று கம்பி இருந்தால் உள்ளே காந்தத்துக்குப் பதில் ஃபீல்டு காயில்: மேலே தூக்க ஒரு சுற்று, கீழே இறக்க ஒரு சுற்று. இரண்டு கம்பி இருந்தால் நிலைக்காந்தம். பேட்டரி முனையை மாற்றிக் கொடுத்தால் எதிர்த் திசையில் சுற்றும். மூன்று கம்பி இருந்த இடத்தில் இரண்டு கம்பி மோட்டாரை வாங்கிப் போட்டால் ரிலே வயரிங்கும் மாற வேண்டும். கடைக்காரர் இதைச் சொல்லாமலே விற்றுவிடுவார். மச்சானுடையது மூன்று கம்பி. செம்பு என்றால் ராஜபாளையத்துக்குப் பயமில்லை. பழைய கம்பியின் கேஜையும் சுற்று எண்ணிக்கையையும் குறித்துக்கொண்டு அதே அளவில் கட்டிக் கொடுத்தார்கள்.

நிலைக்காந்த மோட்டார் வேறு கதை. காந்தத்துக்கும் கூட்டுக்கும் நடுவே துரு ஏறினால் காந்தம் உரிந்து ஆர்மேச்சரைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். சுத்தியலால் தட்டிக் கழற்றினால் விரிசல் விழும். அங்கே நண்பர் பக்கம்தான் என் ஓட்டு: கூட்டோடு மாற்றிவிட வேண்டும்.

அடுத்தது பிரஷ். இதில்தான் பட்டோம். முதல் தடவை, உள்ளூரில் ஒரு கடையில், மிக்ஸிக்குப் போடும் கார்பன் பிரஷை அரம் வைத்துத் தேய்த்து அளவுக்குக் கொண்டுவந்து போட்டுவிட்டார்கள். திண்ணையில் பேட்டரி கொடுத்ததும் மோட்டார் சுற்றத்தான் செய்தது. தூத்துக்குடிக்குப் போய் மச்சான் படகில் ஏற்றிப் பாரம் வந்ததும் முக்கியது, சூடேறியது, நின்றுவிட்டது. கழற்றின பழைய பிரஷை எடுத்து உப்புத்தாளில் லேசாகத் தேய்த்தேன். உள்ளே செம்பு மினுங்கியது. புதியதைத் தேய்த்தால் வெறும் கறுப்பு. மிக்ஸிக்கு 230 வோல்ட், கொஞ்சம் கரண்ட். அதற்குக் கறுப்புக் கார்பன் சரி. 12 வோல்ட்டில் இழுப்பதோ பத்துக்கணக்கான ஆம்பியர். செம்புத்தூள் கலந்த பிரஷ்தான் தாங்கும். பிறகு கார் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கான செம்புப் பிரஷை வாங்கி அளவுக்குத் தேய்த்தோம். அதே அரம், அதே கை; இந்தத் தடவை தூக்கியது.

ரப்பரில் சிக்கனம் கூடவே கூடாது. பம்பிலிருந்து மோட்டாருக்குள் எண்ணெய் ஏறாமல் காக்கும் சீலும், மூடியின் ஓ ரிங்கும் தேய்ந்திருந்தால் உள்ளே எவ்வளவு அழகாகக் காயில் கட்டியும் பயனில்லை; ஒரு பக்கம் எண்ணெய், மறு பக்கம் உப்புத் தண்ணீர். பழைய ஓ ரிங்கை வைத்து அளவெடுக்காதீர்கள், அது நசுங்கித் தட்டையாகியிருக்கும். அது உட்காரும் காடியை அளக்க வேண்டும். பருத்தித்துறையில் இதற்குக் கம்பெனி சாமானைத் தவிர வேறு வாங்க மாட்டார்களாம். நாம் பத்து ரூபாய் ரிங்கில் மிச்சம் பிடிக்கிறோம். இந்த ஒன்றில் அவர்களைப் பார்த்து நாம் நடக்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன்.

முழுசாக மாற்றுவதிலும் கவனம் வேண்டும். ஷாஃப்ட் முனை தட்டை நாக்கா, பல் வெட்டியதா, போல்ட் எத்தனை என்று பார்க்காமல் எஞ்சின் பெயரை மட்டும் நம்பி வாங்கினால் பம்பில் உட்காராது. அதற்கும் முன்னால் ஒரு வேலை: பேட்டரியிலிருந்து நேராக மோட்டாருக்கு இரண்டு வயர் இழுத்துப் பாருங்கள். சுற்றி எஞ்சினைத் தூக்கினால் குற்றம் மோட்டாரில் இல்லை, பச்சை பூத்த ரிலேயிலோ கேபிளிலோ இருக்கிறது.

சிறு மீனவர்கள் இரு கரையிலும் இந்தத் தொல்லையே இல்லாமல் கையால் தூக்கும் எஞ்சினையே கேட்டு வாங்குகிறார்கள். உப்பையும் கரண்டையும் அவர்களைவிட அறிந்தவர் யார்?

ஓ ரிங் காடியின் அளவை நண்பர்தான் தன்னிடம் இருந்த பழைய யுனிட்டைப் பிரித்து, வெர்னியர் வைத்து அளந்து சொன்னார். நம்முடைய காடி துருவில் கரைந்து போயிருந்தது. ராஜபாளையத்தில் கட்டிய சுற்று எண்ணிக்கையையும் கம்பி கேஜையும் அவர் கேட்டார். அவரிடமும் ஒரு மூன்று கம்பி மோட்டார் பல வருஷமாகப் பரணில் கிடக்கிறதாம். எழுதி அனுப்பியிருக்கிறேன்.